பாய்மர போட்டுக்கு லைசன் வேணுமா? 'உலகம் பூரா செல்லும்'னு ஏஜென்ட் குடுக்கற கார்டு நெசமா?

பாயான்பாரு பையன்:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா சத்தம் போடாம படிச்சுட்டு போறவன் நான், இதான் மொத போஸ்ட், மக்கு கேள்வியா இருந்தா திட்டாதீங்க.

ஒன்றரை வருஷமா எனக்கு இந்த பாய்மர போட் பைத்தியம். பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில என்கூட ஷிஃப்ட் பாக்கற சீன நண்பர் ஒருத்தர் 26 அடி போட் வச்சிருக்காரு, ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மரினாவுல நிக்குது, ஒரு ஞாயித்துக்கெழம ஆள் பத்தலன்னு என்னை கூட்டிட்டு போனாரு. வெளிய வந்ததும் எஞ்சினை அடைச்சுட்டு பாயை ஏத்துனாரு பாருங்க, அதுவரைக்கும் டகடகன்னு இருந்த சத்தம் நின்னு தண்ணி அடில ஒரசுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அன்னிக்கு விழுந்தவன்தான், இன்னும் எந்திரிக்கல. இப்ப வாராவாரம் போறேன், கயிறு இழுக்கறது, சுக்கான் புடிக்கறது எல்லாம் ஓரளவுக்கு வந்துருச்சு.

கேள்வி என்னன்னா, வர்ற டிசம்பர்ல பிரிஸ்பேன்ல இருக்கற மச்சான் வீட்டுக்கு போறோம், அவரு ஒரு அலுமினிய போட் வச்சிருக்காரு 40 குதிரைசக்தி அவுட்போர்ட் எஞ்சின் வெளிய மாட்டி, "வா நீயே ஓட்டு"ங்கறாரு. அதுக்கு அடுத்த ஜூன்ல நாங்க ஆறு பேரு கிரீஸ் போயி கேப்டன் இல்லாம ஒரு பாய்மர போட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் சுத்தலாம்னு பிளான். அங்க யாராச்சும் ஒருத்தருக்கு லைசன் வேணுமாம், எல்லாரும் என்னை பாக்கறானுங்க.

இப்பதான் ஒரு வாட்சாப் குரூப்ல ஒரு ஏஜென்ட் மாட்டுனாரு. 1,200 வெள்ளி (ரிங்கிட்) கட்டுனா 'இன்டர்நேஷனல் போட் லைசன்' தர்றாராம், ஆன்லைன்ல 20 கேள்வி, ஒரு வாரத்துல கார்டு வீட்டுக்கு வரும், கார் ஓட்டற இன்டர்நேஷனல் லைசன் மாதிரி எல்லா நாட்டுலயும் செல்லும்ங்கறாரு. இன்னொருத்தர் "பாய்மரத்துக்கு லைசனே வேணாம் பிரதர், எஞ்சினுக்குதான் வேணும்"ங்கறாரு. யாரு சொல்றதை நம்பறது? என் வீட்டம்மா சொல்றது வேற, "ஐலண்ட் கிளேட்ஸ்ல பேரலல் பார்க்கிங் போடத் தெரியாது, இதுல கிரீஸ்ல கப்பலா".

கோப்பி ஓ:

வீட்டம்மா சொல்றதை நம்புங்க பிரதர், அதுக்கு 1,200 வெள்ளி ஆகாது.

செந்தூல் லதா:

தம்பி, மொதல்ல அந்த ஏஜென்டுக்கு காசு கட்டாதீங்க, மத்ததை அப்பறம் பேசலாம்.

காருக்கு இருக்கற மாதிரி உலகம் பூரா செல்லுற ஒரு போட் லைசன் கெடையவே கெடையாது. அந்த மாதிரி பேரு வச்சு இருக்கறது ஒன்னே ஒன்னுதான், ஐசிசி, இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட் ஆஃப் காம்பிடன்ஸ். அதுவும் ஐநாவோட ஐரோப்பிய பொருளாதார ஆணையம் 1998ல போட்ட 40ஆவது தீர்மானத்துல வந்தது, அதை ஏத்துக்கிட்ட நாடுகள்லதான் அதுக்கு மதிப்பு. ஐநா ஆபீஸ்ல உக்காந்து யாரும் கார்டு அடிக்கறதில்ல, ஒவ்வொரு நாடும் தன் ஊருல ஒரு அமைப்பை வச்சு தருது, பிரிட்டன்ல அந்த வேலையை பாக்கறது ஆர்வைஏங்கற படகோட்டிகள் சங்கம். மலேசியா அந்த ஐரோப்பிய ஆணையத்துல உறுப்பு நாடு இல்லாததால நம்மளும் ஆர்வைஏ மூலமா ஐசிசி வாங்கலாம், நான் அப்படித்தான் வாங்கினேன். அதனால அந்த ஆளுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இந்த கார்டை எந்த நாட்டோட எந்த அமைப்பு தருது?" பதில் வர்ற வேகத்துலயே தெரிஞ்சுரும்.

அடுத்தது, ஐசிசின்னு பொதுவா சொல்றோமே தவிர அந்த கார்டுக்குள்ள பிரிவு இருக்கு. மோட்டார் தனி, பாய்மரம் தனி, கடல் தனி, உள்நாட்டு ஆறு கால்வாய் தனி. இது தெரியாம நெறைய பேரு ரெண்டு நாள் பவர்போட் லெவல் 2 கோர்ஸ் முடிச்சுட்டு அதை காட்டி ஐசிசி வாங்கிருவாங்க, அதுல 10 மீட்டர் வரைக்கும் மோட்டார் போட்னு மட்டும்தான் இருக்கும். அதை கொண்டுபோயி பாய்மர போட் வாடகைக்கு எடுக்கற எடத்துல நீட்டுனா திருப்பி கையில குடுத்துருவாங்க. உங்களுக்கு கிரீஸுக்கு வேண்டியது பாய்மரம்னு போட்ட ஐசிசி, அதுக்கு வழக்கமா டே ஸ்கிப்பர் பிராக்டிக்கல்ங்கற ஆர்வைஏ கோர்ஸை முடிப்பாங்க, அஞ்சு நாள்.

நேரா போயி டே ஸ்கிப்பர் பண்ணிரலாம்னும் நெனைக்காதீங்க, அதுக்கு முன்னாடியே பாய்மர போட்ல அஞ்சு நாள், 100 மைல், ராத்திரியில நாலு மணி நேரம் இருந்திருக்கணும்னு கேப்பாங்க. நீங்க வாராவாரம் போறீங்கள்ல, இன்னிக்கே ஒரு நோட்டு வாங்கி தேதி, எங்கிருந்து எங்க, எத்தன மைல், என்ன காத்து எல்லாம் எழுதி நண்பர்கிட்ட கையெழுத்து வாங்க ஆரம்பிங்க. நான் எழுதி வைக்காம ஒரு வருஷ பயணத்தை வீணாக்குனவ, அந்த வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

நான் பண்ணது லங்காவில. மூணாவது நாளு, ஆளு தண்ணில விழுந்தா எப்படி எடுக்கறதுன்னு பழக்குவாங்க, போட் இடிபடாம பக்கத்துல தொங்க விடற ஃபெண்டர் ஒன்னுல வாளியை கட்டி தண்ணில போட்டுட்டு "உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டாரு, எடுங்க"ன்னாரு டீச்சர். பாயை வச்சே எடுக்கணும், எஞ்சின் கெடையாது. மொத தடவ வேகமா வந்து தாண்டி போயிட்டேன், ரெண்டாவது தடவ மேலயே ஏத்திட்டேன், மூணாவது தடவ ஒரு கை தூரத்துல காத்து நின்னுருச்சு. நாலாவது தடவதான் கொக்கில மாட்டுச்சு, அதுக்குள்ள வாளில தண்ணி ரொம்பி வீட்டுக்காரர் பாதி முங்கிட்டாரு. இதை 20 ஆன்லைன் கேள்வில எங்க போயி கத்துக்கறது.

கிரீஸுக்கு இன்னொன்னு, லைசன் இருக்கற ஒரு ஆளு மட்டும் பத்தாது, போட் வேலை தெரிஞ்ச இன்னொருத்தரும் கூட இருக்கணும், ரெண்டு பேரு பேரும் பேப்பர்ல வரும். ஆறு பேருல இன்னொருத்தனையும் இப்பவே இழுத்து விடுங்க. ஒருவேளை கிரீஸ் வேணாம் குரோஷியா போலாம்னு பிளான் மாறுச்சுன்னா அங்க ரேடியோ பேசறதுக்கும் சர்டிஃபிகேட் கேப்பாங்க, விஎச்எஃப்னு சொல்றது, அது தனி கோர்ஸ்.

ஜேபி டு சிங்கை:

லதா சிஸ் சொன்னது அத்தனையும் சரி, நானும் கையை சுட்டுக்கிட்டவன்தான்.

நான் துவாஸ்ல வேலை, அங்க கம்பெனி ஆளுங்களோட சேர்ந்து பிபிசிடிஎல் எடுத்தேன், சிங்கப்பூர் துறைமுகத்துல எஞ்சின் வச்ச உல்லாச போட் ஓட்டறதுக்கு அங்க கடல்துறை ஆணையம் தர்ற லைசன் அது. 16 வயசு ஆகியிருக்கணும், எழுத்து பரிட்சை, அப்பறம் தண்ணில ஓட்டி காட்டணும், 24 மீட்டருக்கு கீழ இருக்கற போட்டுக்கு இது, அதுக்கு மேலன்னா அட்வான்ஸ்னு வேற இருக்கு. பாய்மர போட்டா இருந்தாலும் உள்ள எஞ்சின் இருந்து அதுல ஓட்டுனா இது வேணும், "நான் பாய்காரன்"னு சொல்லி தப்பிக்க முடியாது.

என்கூட வந்த ஒருத்தரு எழுத்து பரிட்சைக்கு புக்கை கரைச்சு குடிச்சிருந்தாரு, கண்ணு டெஸ்ட்ல மாட்டிக்கிட்டாரு. செவப்பு பச்சை வித்தியாசம் தெரியல. 40 வயசு வரைக்கும் அவருக்கே அது தெரியாது பாவம், வீட்ல சட்டை கலர் மாத்தி சொல்றாருன்னு எல்லாரும் சிரிச்சிருக்காங்க அவ்வளவுதான். ராத்திரியில கடல்ல போட்டோட எடது பக்கம் செவப்பு லைட், வலது பக்கம் பச்சை, எதிர்ல வர்றவன் எந்த பக்கத்தை காட்டறான்னு அதை வச்சுதான் தெரியும். செவப்பும் பச்சையும் ரெண்டும் ஒன்னா தெரிஞ்சா நேரா உங்க மேல வர்றான்னு அர்த்தம். அவருக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனைச்சு பாருங்க. பாயான்பாரு பிரதர், காசு கட்டறதுக்கு முன்னாடி மொதல்ல கண்ணு டெஸ்ட் பண்ணிருங்க, கண்ணாடி கடையிலயே அந்த கலர் புள்ளி புக் இருக்கும்.

நானும் இந்த சிங்கப்பூர் கார்டை வச்சுக்கிட்டு ஐரோப்பால ஒரு எடத்துல போட் கேட்டேன், "ஐசிசி இருக்கா"ன்னாங்க, இல்லன்னேன், "அப்ப கேப்டனோட எடுத்துக்கோங்க"ன்னுட்டாங்க. கேப்டனுக்கு தனி சம்பளம், அவருக்கு படுக்க ஒரு ரூமு, சாப்பாடும் நம்மதான். நாலு பேரு படுக்கற போட்ல அஞ்சாவது ஆளா ஒரு தாடிக்காரர் கொறட்டை விட்டாரு ஒரு வாரம்.

பாயான்பாரு பையன்:

ரொம்ப தேங்க்ஸ் லதாக்கா, அண்ணே. நோட்டு வாங்கிட்டேன், கடையில விக்கற சின்ன 555 பாக்கெட் நோட்டுதான் கெடச்சுது பரவால்லயா. கண்ணு டெஸ்டும் பண்ணிட்டேன், கலர் ஓக்கே, ஆனா பவர் ஏறியிருக்காம், அது வேற 380 வெள்ளி.

பிரிஸ்பேன் பத்தி யாரும் சொல்லலயே? மச்சான் "இங்க யாரும் கேக்க மாட்டாங்க"ங்கறாரு, அவரு எதுக்குமே அப்படித்தான் சொல்லுவாரு.

முன்னாள் பி.எம்.காரன்:

புக்கிட் மெர்தாஜாம்தான் சொந்த ஊரு, நாலு வருஷம் கோல்ட் கோஸ்ட்ல குப்பை கொட்டிட்டு போன வருஷம்தான் திரும்பி வந்தேன், அதனால குயின்ஸ்லாந்து கதை நான் சொல்றேன்.

ஆஸ்திரேலியாவுல மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற. குயின்ஸ்லாந்துல எஞ்சின் 4.5 கிலோவாட்டுக்கு மேல இருந்தா லைசன் வேணும், அதாவது ஆறு குதிரை. ஆறு குதிரைக்குள்ள சின்ன எஞ்சினா இருந்தா லைசன் இல்லாம போலாம். வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவுலயும் அதே ஆறு குதிரை கணக்குதான், பேரு மட்டும் 'ஸ்கிப்பர்ஸ் டிக்கெட்'. நியூ சவுத் வேல்ஸ் போனா எஞ்சின் அளவை பாக்க மாட்டாங்க, வேகத்தை பாப்பாங்க, 10 நாட் (கடல் வேகக் கணக்கு, knot) இல்ல அதுக்கு மேல போனா லைசன். விக்டோரியாவுல எஞ்சின்னு ஒன்னு இருந்தாலே வேணும். நார்தர்ன் டெரிட்டரில ஒன்னுமே வேணாம், ஆனா அங்க தண்ணில மொதலை இருக்கு, யாரும் விழ மாட்டான், அதனால விட்டுட்டாங்க போல.

உங்க மச்சான் போட் 40 குதிரை, அதனால அவருக்கு லைசன் கண்டிப்பா வேணும். உங்களுக்கு இல்லாட்டியும் அவரு லைசனோட போட்லயே இருந்து, ஏதாச்சும் ஆனா ஒடனே வாங்கி ஓட்டற மாதிரி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டா நீங்க ஓட்டலாம். முன்னாடி போயி தூண்டில் போட்டுக்கிட்டு "ஓட்டு ஓட்டு"ன்னு கை காட்டறது கணக்குல வராது. பின்னாடி ரப்பர் டியூப்ல புள்ளைங்களை கட்டி இழுக்கறதா இருந்தா சுக்கான் அவரு கையிலதான். அப்பறம் ஜெட் ஸ்கின்னா அதுக்கு தனி லைசன்.

முக்கியமா பீர். கார் ஓட்டற அதே 0.05 லிமிட்தான் தண்ணிலயும், போலீஸ் போட்ல வந்து ஊத சொல்லுவான், நான் கண்ணால பாத்திருக்கேன், ஒரு கிறிஸ்மஸ் சமயம் வரிசையா நிறுத்தி ஊத விட்டானுங்க. மச்சான் லைசன் வச்சிருக்காரான்னு மொதல்ல போட்டோ அனுப்ப சொல்லுங்க, "யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு சொல்றவரு பாக்கெட்ல அது இருக்குமான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.

கோப்பி ஓ:

இதெல்லாம் ஒன்னுமில்ல, ஃபுளோரிடாவுல 1988 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கு அப்பறமோ பொறந்தவன்தான் 10 குதிரையோ அதுக்கு மேலயோ ஓட்ட போட் பாடம் படிச்ச கார்டு வச்சிருக்கணுமாம். நான் 85. எனக்கு பொறவியிலயே கடல் தெரியும்னு அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டான்.

செந்தூல் லதா:

@கோப்பி ஓ நீங்க பத்து காஜா லேக் கார்டன்ல வாத்து போட் மிதிச்சதை நான் பாத்திருக்கேன்.

தம்பி, 555 நோட்டு போதும், ஆனா தண்ணி பட்டா இங்க் போயிரும், பென்சில்ல எழுதுங்க.

பட்டர்வொர்த் மாமா:

நேத்து ராத்திரிதான் பாத்தேன் இந்த பேச்சை. நான் 31 வருஷம் இந்த பினாங்கு தண்ணில பெரிய கப்பலை இழுக்கற தக் போட் எஞ்சின் ரூம்ல இருந்து ரிட்டயர் ஆனவன், லைசன் பத்தி சொல்ல எல்லாரும் இருக்கீங்க, நான் வேற ஒன்னு சொல்றேன். பாய்மரத்துக்கு லைசன் வேணாம்னு ஒரு ஆளு சொன்னாராமே, அந்த பேச்சுலதான் எல்லாமே இருக்கு.

கடல்ல பாய்மரம் மோட்டார்னு போட்டை வச்சு பிரிக்கறதில்ல தம்பி, அந்த நிமிஷம் எதுல ஓடுதுங்கறதை வச்சுதான். பாய் மேல ரொம்பி நிக்கட்டும், கீழ எஞ்சின் கியர்ல இருந்துச்சுன்னா சட்டப்படி நீ மோட்டார் போட். கடல்ல மோதாம இருக்க 1972ல போட்ட உலக சட்டத்துல எழுதி வச்சிருக்கான், பாயும் ஏத்தி எஞ்சினும் ஓட்டுனா பகல்ல முன்னாடி ஒரு கருப்பு கூம்பை முனை கீழ பாக்க தொங்க விடணும், எதிர்ல வர்றவனுக்கு "நான் பாய் இல்ல, மோட்டார்"னு தெரியறதுக்கு. இங்க யாரு தொங்க விடறா, நான் பாத்ததே இல்ல. கனடாவுல இன்னும் ஒரு படி மேல போயிட்டான், போட்டுல மோட்டார் பொருத்தி இருந்தாலே ஓட்டறவனுக்கு கார்டு வேணும், பாய்மரமா இருந்தாலும் சரி, மீன் புடிக்க வைக்கற சின்ன பேட்டரி மோட்டாரா இருந்தாலும் சரி. ஜெர்மனில 15 குதிரைக்கு மேல. இங்கிலாந்துல கடல்ல சொந்தமா ஓட்ட ஒன்னும் வேணாம், அத்தன கப்பல் ஓட்டுன ஊரு, கால்வாய்ல மட்டும் போட்டுக்கு லைசன் கேப்பான், ஆளுக்கு இல்ல. போட்டுக்கு பேப்பர் வேற, ஆளுக்கு பேப்பர் வேற, இதை கொழப்பிக்காதே. நம்ம ஊருல போட்டோட பேப்பர் ஜபாத்தான் லாவுட், அதாவது கடல்துறை, மீன் புடிக்கற போட்டுன்னா ஜபாத்தான் பெரிக்கானான், மீன்வளத்துறை. உன் நண்பரு போட் பேப்பர் யாரு பேருல இருக்குன்னு கேட்டு வச்சுக்கோ, நாலு கை மாறி வாங்கி பழைய தவுக்கே (மொதலாளி) பேருலயே ஓடற போட்டு நெறைய இருக்கு. காசு வாங்கிட்டு ஆள் ஏத்தறது முழுக்க வேற கணக்கு, "பெட்ரோல் காசு ஷேர் பண்ணலாம்"னு ஆரம்பிச்சு அங்கதான் போயி முடியும், ஜாக்கிரதை.

இப்ப நான் கண்ணால பாத்த கதை. வருஷக் கடைசி, சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், வடக்கு சேனல்ல ஒரு கண்டெய்னர் கப்பலை பட்டர்வொர்த் பக்கம் கொண்டு வர்றோம், நாங்க பின்னாடி, இன்னொரு தக் முன்னாடி. ஆயர் சூருட், அதாவது கடல் வத்தற நேரம், தண்ணி நல்லா இழுக்குது. தீவுல தஞ்சோங் பக்கத்துல இருந்து ஒரு வெள்ள பாய்மர போட் குறுக்க வருது. நிக்கவே இல்ல. அந்த ஆளு நெனைச்சது என்னன்னா, பாய்மரத்துக்கு மோட்டார் வழி விடணும்னு படிச்சிருக்காரு, அது நெசம்தான், அந்த 1972 சட்டத்துல 18ஆவது விதி. ஆனா 9ஆவது விதின்னு ஒன்னு இருக்கு, குறுகலான சேனல்ல, அதை விட்டா வேற வழி இல்லாத பெரிய கப்பலை 20 மீட்டருக்கு கீழ இருக்கற போட்டோ பாய்மரமோ மறிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் சேறு, அந்த கப்பல் எங்க ஒதுங்கும்?

கப்பலுக்கு வழி காட்டற பைலட்டு ஹார்ன் அடிச்சாரு, அஞ்சு தடவ, குட்டை குட்டையா. அஞ்சு அடிச்சா "நீ என்ன பண்றன்னு எனக்கு புரியல"ன்னு அர்த்தம். அப்பதான் அந்த ஆளு திரும்பி பாத்தாரு. அந்த பெரிய கப்பல் பக்கத்துல வந்ததும் அதுவே காத்தை மறைச்சுருச்சு, பாயி தொவைச்ச துணி மாதிரி தொங்கிருச்சு. எஞ்சினை ஸ்டார்ட் பண்றாரு, அவசரத்துல பாய் கயிறு ஒன்னு தண்ணில விழுந்து கெடக்கறதை பாக்கல, கியர் போட்டதும் கயிறு போயி கிப்பாஸ்ல, அதான் எஞ்சின் விசிறில, சுத்திக்கிச்சு, டக்குன்னு நின்னுருச்சு. இப்ப காத்தும் இல்ல எஞ்சினும் இல்ல, தண்ணி மட்டும் இழுக்குது, எந்த பக்கம் இழுக்குதுன்னு சொல்லவா வேணும். முன்னாடி தக்குல இருந்த பசங்க ஒதுங்கி போயி கயிறு வீசி இழுத்துட்டாங்க. கப்பல் அந்த போட்டுக்கு பின்னாடி எவ்வளவு தூரத்துல போச்சுன்னு கேக்காதே, நான் எஞ்சின் ரூம் கதவுல நின்னுக்கிட்டு சாமி பேரை சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அப்பறம் ஜெட்டில பாத்தோம் அந்த ஆளை. கையில ஒரு சின்ன கத்தி, காய் நறுக்கற கத்தி, கயிறு அறுக்க எடுத்தது, அதை விடவே இல்ல, கோப்பி குடுத்தோம் கோப்பி ஒரு கையில கத்தி ஒரு கையில. பேப்பர் எல்லாம் எடுத்து காட்டுனாரு. லேமினேட் பண்ணி, வெளிநாட்டு முத்திரை போட்டு, அருமையான கார்டு. செல்லாத கார்டுன்னு நான் சொல்லல, நல்ல கார்டுதான். பினாங்கு தண்ணி எப்ப எந்த பக்கம் ஓடும்னு அதுல எழுதல, அவ்வளவுதான்.

தம்பி, உன் நண்பரு போட் எஞ்சின் எத்தன குதிரை, உள்ள இருக்கறதா அவுட்போர்டா? அவுட்போர்டுன்னா அந்த செவப்பு சுருள் கயிறு, கில் கார்ட், அதை கால்ல மாட்டறீங்களா இல்ல எஞ்சின்லயே மாட்டி தொங்க விட்டுருக்கீங்களா? தண்ணில விழுந்தா போட்டு நிக்கறதுக்கு இருக்கற ஒரே சாமான் அதான்.

ஜேபி டு சிங்கை:

மாமா, படிக்கறப்பவே வயித்த கலக்குது. அந்த கயிறு கேள்வி எங்களுக்கும்தான்.

முன்னாள் பி.எம்.காரன்:

எங்க மாமா ஒருத்தரும் தக்குலதான் இருந்தாரு, ஒருவேளை உங்ககூட வேலை பாத்திருப்பாரு. அந்த அஞ்சு ஹார்ன் சத்தம் சின்ன வயசுல ஜெட்டில நிக்கறப்ப எத்தன தடவ கேட்டிருக்கேன், கப்பல்காரன் சும்மா அடிக்கறான்னு நெனைச்சு நாங்க கை காட்டிட்டு இருந்தோம்.

செந்தூல் லதா:

மாமா சொன்ன அந்த 9ஆவது விதி எங்க கோர்ஸ்ல ஒரே பக்கத்துல முடிஞ்சுருச்சு, படம் கூட இல்ல. 18ஐ மட்டும் எல்லாரும் மனப்பாடம் பண்ணிருவாங்க, நமக்கு சாதகமா இருக்குல்ல.

தம்பி அந்த ஏஜென்ட் என்ன சொன்னாரு?

பாயான்பாரு பையன்:

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே "எந்த நாட்டோட எந்த அமைப்பு தருது"ன்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு "பாஸ் உங்களுக்கு மட்டும் 900"ன்னு மெசேஜ். அப்பறம் குரூப்ல இருந்தே என்னை தூக்கிட்டாரு.

மச்சான் லைசன் போட்டோ கேட்டேன், இன்னும் அனுப்பல, தேடறாராம். பி.எம். அண்ணே உங்க வாய் பலிச்சுருச்சு.

லங்காவிக்கு மார்ச் மாசம் லீவு போட்டுருக்கேன், அதுக்குள்ள 100 மைல் சேத்துருவேன்னு நம்பறேன், நோட்டுல இதுவரைக்கும் 34. ராத்திரி நாலு மணி நேரத்துக்கு நண்பரு பாங்கோர் தீவுக்கு போற அன்னிக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டாவது ஆளா யாரு வர்றான்னு பசங்ககிட்ட கேட்டா எல்லாரும் போனை பாக்கறானுங்க, கடைசில வீட்டம்மா "நான் வர்றேன், உங்களை நம்பி புள்ளைங்களை அனுப்ப முடியாது"ன்னுட்டாங்க, பவுலைன் முடிச்சு யூடியூப் பாத்து என்னை விட சீக்கிரம் போட கத்துக்கிட்டாங்க, துணி காயப்போடற கம்பில பூரா முடிச்சா தொங்குது.

மாமா, அவுட்போர்ட்தான், எட்டு குதிரை. செவப்பு கயிறு இருக்கு. எஞ்சின்லயே மாட்டி தொங்குது, நான் அதை எஞ்சினோட சாவின்னு நெனைச்சுட்டு இருந்தேன் இத்தன நாளா. நண்பருக்கு போன் பண்ணி கேட்டேன், அவரு கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்"னாரு.

பட்டர்வொர்த் மாமா:

ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு கெளம்பறீங்க? ஆயர் பாசாங் (கடல் ஏறற நேரம்) எப்பன்னு அட்டவணை பாத்துட்டு சொல்லு. நான் ஃபெரி புடிச்சு வந்துருவேன், கத்தி நான் கொண்டு வர்றேன்.